திமிரா, வலியா? காலில் அடிபட்டு ஓய்ந்த குதிரையை மறுபடி சவாரிக்குக் கொண்டுவரும்போது வரும் சிக்கல்கள்

ரேஸிலிருந்து ஓய்வு பெற்று சவாரிப் பள்ளிகளுக்கும் சொந்த லாயங்களுக்கும் வரும் தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரைகள் பல, ஏதோ ஒரு பழைய காயத்தோடுதான் வருகின்றன. அதிகம் பார்ப்பது முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பிசகல். சில மாதம் லாயத்தில் அடைத்து வைத்து, டாக்டர் "இனி மெதுவாக ஆரம்பிக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் உண்மையான தலைவலி தொடங்கும். இந்தக் குறிப்பு அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண், மூட்டு இணைப்பு, எலும்பு இவை தேற மாதக்கணக்கு ஆகும். சாதுவான குதிரையிடம் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது. துடிப்பான குதிரையோ ஆறாவது வாரமே பறக்கத் தயார் என்று நிற்கும், கால் தயாராக இருக்காது. அப்போது அது செய்வதற்கெல்லாம் லாயத்தில் ஒரே நோய்ப்பெயர்தான்: திமிர். என் வரிசை வேறு. முதலில் வலி இருக்கிறதா, அடுத்து தீனி அதிகமா, அதற்கும் அப்புறம்தான் பழக்கம், பயிற்சி.

ஏறுவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

காலையில் தீனிக்கு முன், குதிரை அமைதியாக நிற்கும்போது நாடி, மூச்சு, உடல்சூடு மூன்றையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல்சூடு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூச்சு கொஞ்சம் கூடலாம். நாடியைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைத்துப் பார்க்கலாம், அல்லது இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கலாம். உங்கள் குதிரைக்கு எது வழக்கம் என்று தெரிந்தால்தான் பின்னால் எது மாறியது என்று சொல்ல முடியும்.

கையில் பிடித்து வெளியே வந்ததும் துள்ளுகிறது, முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது

முதலில் தீனித் தொட்டியைப் பாருங்கள். ஓட்டத்தில் இருந்தபோது போட்ட ஓட்ஸ், பார்லி, கொள்ளு அளவு அப்படியே தொடர்கிறதா? "பாவம், உடம்பு சரியில்லை" என்று யாராவது கொஞ்சம் கூடவே போட்டிருப்பார்கள். அடைபட்டு நிற்கும் குதிரைக்குத் தானியம் அநேகமாகத் தேவையே இல்லை. காய்ந்த புல் மட்டும் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை பங்குக்குக் குறையக் கூடாது. 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 கிலோ. அதையும் ஒரே வேளையில் கொட்டாமல், சின்னக் கண் வலைப் பையில் கட்டித் தொங்கவிட்டால் மணிக்கணக்காக மென்றுகொண்டிருக்கும். மென்றுகொண்டிருக்கும் குதிரைக்கு வம்பு யோசிக்க நேரம் குறைவு.

அடுத்தது பிடிக்கும் விதம். வெறும் தலைக்கயிறு போதாது, கடிவாளம் போட்டே நடத்துங்கள். கையுறை, ஹெல்மெட், நீளமான கயிறு வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. முன்னால் ஒரு வயதான, அலட்டிக்கொள்ளாத குதிரையை நடக்கவிட்டுப் பின்னால் இதைக் கூட்டிப் போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கும். வெறும் வயிற்றோடு வெளியே கொண்டுவராதீர்கள். பள்ளிப் பேருந்தும் குப்பை வண்டியும் வரும் நேரத்தைத் தவிருங்கள்.

ரேஸ் குதிரைகளில் சில, கையில் பிடித்தால் ஆடும், முதுகில் ஆள் ஏறினால் அடங்கி நடக்கும். இரண்டு வயதிலிருந்து அதற்குத் தெரிந்த வேலை அதுதான். அப்படிப்பட்ட குதிரையை ஆள் ஏறி நடத்துவதே காலுக்குப் பாதுகாப்பாக இருக்கலாம். எடை ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் லேசான மயக்க மருந்து கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை எகிறிக் குதித்தால் மூன்று மாத ஓய்வு வீண். ஆனால் ஏசிபுரோமசின் வகை மருந்துகளைக் காயடிக்காத ஆண் குதிரைக்குக் கொடுப்பதில் ஒரு ஆபத்து உண்டு. வெளியே தொங்கும் குறி திரும்ப உள்ளே போகாமல் செயலிழந்துவிடலாம். நம் ஊரில் மார்வாரி, கத்தியவாரி ஆண் குதிரைகளைக் காயடிக்காமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இதைச் சொல்கிறேன். டாக்டர் பார்க்காமல் எந்த ஊசியும் வேண்டாம்.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது: "கொஞ்சம் சுற்றவிடுங்கள், ஆவேசம் தணியட்டும்" என்று நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிடுவது. சின்ன வட்டத்தில் வேகமாகத் திரும்பும்போது காலின் ஒரு பக்கத்தில்தான் பாரம் அதிகம் விழும். ஆறிக்கொண்டிருக்கும் தசைநாணுக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. ஆவேசம் தணிந்திருக்கும், காலும் போயிருக்கும்.

காலையில் பார்த்தால் கால் வீங்கியிருக்கிறது

இரண்டு பின்னங்கால்களும், அல்லது நான்கு கால்களும், ஒரே மாதிரி உப்பி, சூடில்லாமல், விரலால் அழுத்தினால் குழி விழுந்து, பத்து நிமிடம் நடந்ததும் வடிந்துவிட்டால் அது பெரும்பாலும் நின்றே இருந்ததால் வந்த நீர். காலையும் மாலையும் நடத்துங்கள், அது போதும்.

ஒரே ஒரு கால் வீங்கியிருந்தால் கதை வேறு. அப்போது கையால் பார்க்கத் தெரிய வேண்டும். கட்டுத்துணி போட்டிருந்தால் அவிழ்த்து அரை மணி நேரமாவது விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டின் சூட்டையே காயத்தின் சூடு என்று நினைப்போம். முதலில் புறங்கையால் முழங்காலுக்குக் கீழிருந்து கணு மூட்டு வரை மெதுவாகத் தடவுங்கள். அடுத்த காலிலும் அதே இடத்தில் தடவுங்கள். சூட்டு வித்தியாசம் உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சீக்கிரம் தெரியும். அப்புறம் காலைத் தூக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காலின் பின்பக்கத்தை மேலிருந்து கீழாக உருட்டிப் பாருங்கள். ஆகப் பின்னால், தோலுக்கு அடுத்து இருப்பது மேல் தசைநாண். அதற்கு உள்ளே இன்னொன்று. எலும்பை ஒட்டி மூன்றாவது. மேல் தசைநாண் இரண்டு விளிம்பும் கூர்மையாக, இறுக்கமான வார் போல இருக்க வேண்டும். விளிம்பு மழுங்கி, நடுவில் புடைத்து, அழுத்தினால் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அன்றைய வேலை ரத்து. பழைய காயம் ஆறிய கால் எப்போதும் கொஞ்சம் தடித்தே இருக்கும். அதனால்தான் தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் தொட்டுப் பார்ப்பது முக்கியம். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்தான் செய்தி.

உடனே செய்ய வேண்டியது குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். சென்னையில் மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்தால் அது ஒத்தடம் கொடுத்த கணக்காகிவிடும். ஐஸ் போட்ட தண்ணீரையே எடுங்கள், வெறும் ஐஸ் கட்டியைத் தோலில் நேராக வைக்காமல் துணி சுற்றி வையுங்கள். அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்கேன் பற்றிப் பேசுங்கள்.

டிராட்டில் (நடைக்கு அடுத்த சீரான ஓட்டத்தில்) தலை ஆடுகிறது

கடினமான, சமமான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேராக ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, முன்னால் நின்று பாருங்கள். முன்னங்கால் வலி என்றால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் வலிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வலிக்கிற பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகம் ஏறி இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் எதுவும் தெரியாது. துடிப்பான குதிரையை எல்லோரும் இறுக்கித்தான் பிடிப்பார்கள், அதனால்தான் இந்தக் குதிரைகளின் நொண்டல் தாமதமாகவே கண்ணில் படுகிறது.

நொண்டல் தெரிந்ததும் பழைய தசைநாண்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் குளம்பைப் பாருங்கள். திடீரென்று ஒரு காலை ஊன்றவே முடியாமல் நின்றால் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கணு மூட்டுக்குக் கீழே பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடி பலமாக அடிக்கும். மழைக்காலத்தில் ஈர லாயத்தில் நின்ற குதிரைக்குக் குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதி கறுத்து அழுகும். மூக்கே காட்டிக்கொடுக்கும். லாடம் அடித்த மறுநாள் நொண்டினால் ஆணி உள்ளே தைத்திருக்கலாம்.

இரண்டு முன் குளம்பும் சுட்டு, குதிரை முன்னங்கால்களை நீட்டிக் குதிகாலில் பாரம் போட்டு நகர மறுத்தால் அது குளம்பின் உள்ளடுக்கு அழற்சி. நடத்திப் பார்க்க வேண்டாம். அந்த நிமிடமே டாக்டரை அழையுங்கள்.

வலி மாத்திரை கொடுத்துவிட்டு "இப்போது நன்றாக நடக்கிறதே" என்று ஏறுகிறவர்கள் உண்டு. ஃபினைல்பியூட்டசோன் வலியை மறைக்கும், கிழிந்த நாரை ஒட்டாது. மாத்திரை நடக்கும் நாட்களில் அது நன்றாக நடப்பதற்கு அர்த்தமே கிடையாது.

வயிற்றுவார் இறுக்கும்போது கடிக்க வருகிறது

இதற்கு "கெட்ட பழக்கம்" என்று பெயர் வைத்து அடிப்பதுதான் வழக்கம். ஆனால் ரேஸ் பயிற்சியில் இருந்த குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகச் சாதாரணமாக வருவது. குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரக்கும். நாள் பூராவும் மேய்வதற்கென்று அமைந்த உடம்பு அது. அதை அடைத்து வைத்து, மூன்று வேளை தானியம் போட்டு, நடுவில் வெறும் வயிறாக விட்டு, கூடவே வலி மாத்திரையும் கொடுத்தால் புண் வராமல் என்ன செய்யும்? மெலிவது, மயிர் மங்குவது, தானியத்தை மட்டும் பாதியில் விடுவது, முகம் சுளித்து வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது எல்லாம் கூட்டு அறிகுறிகள். கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதி. மருந்து ஒமெப்ரசோல், பெரும்பாலும் நான்கு வாரம்போலக் கொடுப்பார்கள். மாத்திரையின் வகையும் அளவும் மனிதர்களுக்குள்ளது இல்லை, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: சவாரிக்கு அரை மணி முன்னால் இரண்டு கைப்பிடி குதிரைமசால் (லூசர்ன் தீவனம்). அதிலுள்ள கால்சியம் அமிலத்தைக் கொஞ்சம் அடக்கும். வயிற்றில் ஏதாவது கிடந்தால் ஓடும்போது அமிலம் மேல்பாகத்தில் தெறிப்பதும் குறையும். அந்த மேல்பாகத்துக்குத்தான் பாதுகாப்புப் பூச்சு இல்லை.

புண் இல்லை என்றால் சேணத்தைப் பாருங்கள். அதற்கு அடுத்த பகுதி.

கேண்டர் (டிராட்டுக்கு அடுத்த மிதமான பாய்ச்சல்) கேட்டதும் முதுகை வளைத்து உதைக்கிறது

ஓய்வுக்கு முன் கச்சிதமாகப் பொருந்திய சேணம் இப்போது பொருந்தாது. பிடரி மேட்டுக்கு, அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் தசை வற்றியிருக்கும். சேணம் முன்னால் இறங்கி உட்கார்ந்து எலும்பில் இடிக்கும். சேணத்தைத் துணியில்லாமல் வைத்துப் பாருங்கள். பிடரி மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், ஆள் ஏறிய பின்பும் பகல் வெளிச்சம் தெரிய வேண்டும். சவாரி முடிந்து அவிழ்த்ததும் முதுகில் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். எல்லா இடமும் நனைந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் விழுகிறது. வெள்ளை மயிர் முளைத்த இடம் பழைய அழுத்தத்தின் அடையாளம். தசை திரும்ப வரும்வரை முன்பக்கம் மெத்தை வைத்துச் சமாளிக்கலாம், மாதாமாதம் திரும்பப் பார்க்க வேண்டும்.

சேணத்திலும் குறை இல்லை, முதுகெலும்பு வரிசையில் விரலால் அழுத்தினால் குதிரை முதுகைத் தாழ்த்தி ஒடுங்குகிறது, கேண்டருக்கு மாறும் அந்த நொடியில்தான் உதைக்கிறது என்றால் எக்ஸ்ரே கேளுங்கள். முதுகெலும்பின் மேல் முனைகள் ஒன்றோடொன்று உரசும் கோளாறு தரோபிரெட்டுகளில் அதிகம் காணப்படுவது. இதைப் பயிற்சியாளர் சரி செய்ய முடியாது.

எக்ஸ்ரேயும் சுத்தம் என்றால் ஒருவேளை கேண்டருக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஒரு மாதம் பின்னால் போங்கள். மேடு ஏறும் நடை, தரையில் போட்ட கட்டைகளைத் தாண்டும் நடை, இரண்டும் முதுகைக் கட்டும்.

கடிவாளம் வாங்க மறுக்கிறது, அல்லது வாங்கிக்கொண்டு இழுத்துக்கொண்டு ஓடுகிறது

"கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்ற பழமொழியை லாயத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குதிரைக்குப் பல்லைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்திபோல் வளர்ந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் முளைக்கும் சின்னப் பல்லில் இரும்பு இடிக்கலாம். வருடம் ஒரு முறையாவது பல்லை ராவ வேண்டும். ஓய்வில் இருந்த குதிரைக்கு இது அநேகமாக விட்டுப்போயிருக்கும்.

இழுத்துக்கொண்டு ஓடுவது வேறு சங்கதி. ரேஸில் ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் குதிரை அதில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கும். அதற்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். நீங்கள் பயந்து இழுக்க இழுக்க, அது உங்கள் பேச்சைக் கேட்டு வேகமெடுக்கிறது! இழுத்து விடு, இழுத்து விடு என்று விட்டுவிட்டுப் பிடியுங்கள், உட்காரும் எடையால் நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். அதை நடையிலேயே கற்றுக்கொடுக்க முடியும், நடை மட்டும் போகும் அந்த இரண்டு மூன்று மாதம் இதற்காகவே கிடைத்த நேரம். கடுமையான கடிவாளம் மாற்றுவது இதற்குத் தீர்வு இல்லை. ஏறும்போது நிற்காத பழக்கமும் இதே வகை. ரேஸ் குதிரைகளில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆளைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். படி வைத்து ஏறக் காத்திருப்பது அதற்குப் புதிய பாடம்.

வேலையின் நடுவே விறைத்து நின்றுவிடுகிறது

இடுப்புத் தசை கல் போல இறுகி, வியர்த்துக் கொட்டி, அடி எடுத்து வைக்க மறுத்தால் உடனே இறங்கிவிடுங்கள். லாயம் வரை நடத்திப் போகவும் வேண்டாம், நின்ற இடத்திலேயே சேணத்தை அவிழ்த்து, நிழல் காட்டி, தண்ணீர் வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கையிலிருக்கும் வலி மருந்தைப் போட்டுவிடாதீர்கள், உடலில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். லீவு நாளிலும் முழுத் தானியம் போட்டு மறுநாள் வேலை வாங்கும் குதிரைகளுக்கு இது காலங்காலமாக வரும் நோய். லீவு நாளில் தானியத்தைப் பாதிக்கும் கீழே குறைப்பதுதான் மலிவான மருந்து.

மூச்சு வாங்குகிறது, ஆனால் வியர்க்கவில்லை

கடலோர ஊர்களில் இதை மறக்கக் கூடாது. சூடும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் திறனே குறைந்துபோகும். தோல் உலர்ந்து, மயிர் சொரசொரத்து, சின்ன வேலைக்கே மூக்கு விரிய இரைக்கும். "உடம்பு இன்னும் தேறவில்லை" என்று நினைத்து வேலையைக் கூட்டினால் சூட்டிலேயே விழுந்துவிடும். தண்ணீரை ஊற்றி வழித்துவிட்டு, மறுபடி ஊற்றி, மின்விசிறி போட்டு இறக்குங்கள். சவாரியைச் சூரியன் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். வேலை செய்யாத நாளிலும் 25 கிராம்போலச் சாதாரண உப்பு வேண்டும். வியர்க்கும் குதிரைக்கு அதற்கு மேல்.

வியர்க்கவும் செய்கிறது, ஆனால் வேலை முடிந்து 20 நிமிடம் கழித்தும் நாடி 64-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் வேலை அதிகம். நெடுந்தூரப் பந்தயங்களில் கால்நடை மருத்துவர்கள் குதிரையை மேலே அனுப்பலாமா என்று பார்க்கும் எண்ணும் அதே 64-தான்.

தீனி நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. காய்ச்சல் வந்து வந்து போகிறது

மழை முடிந்த மாதங்களில் இப்படி இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கடிக்கும் பெரிய ஈக்கள் மூலம் பரவும் சர்ரா என்ற ஒட்டுண்ணி நோய் நம் நாட்டில் பரவலாக உண்டு. காலிலும் வயிற்றின் அடியிலும் நீர் கோக்கும், ஈறு வெளுக்கும். உடம்பைத் தேற்றும் எந்தத் திட்டமும் இது தீராமல் வேலை செய்யாது. டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை அணுகலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, வேகம் கேட்கிறது

மிகவும் ஏமாற்றும் அறிகுறி இதுதான். குதிரை பளபளக்கும், நொண்டாது, கால் சுடாது. லேசான பிசகல் என்றால்கூடப் பொதுவான கணக்கு இப்படிப் போகும்: முதல் இரண்டு மூன்று மாதம் நடை மட்டும், பத்து நிமிடத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டி, அப்புறம் நேர்கோட்டில் சில நிமிட டிராட், ஆறாவது மாதத்தை ஒட்டிக் கேண்டர், முழு வேகம் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள். ஒவ்வொரு படிக்கு முன்பும் ஸ்கேன். நிமிடத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள், வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தரையை மாற்றாதீர்கள். வட்டங்கள் கடைசியில்.

கடற்கரைக்குக் கூட்டிப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். காய்ந்த, கால் புதையும் மணல் தசைநாணை இழுக்கும், அதில் ஐந்து நிமிடம் ஓடுவது கெட்டித் தரையில் அரை மணி நடப்பதைவிட மோசம். அலை நனைத்து இறுகிய மணலில் நடை போகலாம், ஆனால் கடலைப் பார்த்ததும் இந்த மாதிரிக் குதிரை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் கடற்கரையைக் கேண்டர் ஸ்கேன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை கூட அந்த வயதான குதிரையையும் அழைத்துப் போங்கள்.